மூன்று நாற்பத்திரண்டு, பிற்பகல்

“ஆறு இருபத்தொண்ணு, ரோட்டோரமா நட. பின்னால வண்டி வருது பாரு.”

பாலக்கரைச் சந்தில் காலை வேளையில் இப்படி ஒரு குரல் கேட்டால், நர்ஸ் கமர் ஜஹான் டூட்டிக்குக் கிளம்பிவிட்டாள் என்று அர்த்தம். ஆறு இருபத்தொன்று என்பது ஒன்பதாம் வகுப்புப் படிக்கிற ஒரு பெண்பிள்ளை. அஃப்ஷீன் என்று அவளுக்கு அழகான பெயர் இருக்கிறது. ஆனால் தன் கையில் பிறந்த பிள்ளைகளைக் கமர் ஜஹான் பெயரால் கூப்பிடுவது அபூர்வம். பிறந்த மணியும் நிமிஷமும்தான் அவளுக்குப் பெயர். அந்தப் பெண்ணின் அண்ணன் உஸாமா, ‘பத்து முப்பத்தெட்டு’. அவர்களைப் பெற்ற சுராயாவும் கமர் ஜஹானின் கையில் பிறந்தவளாக இருந்திருந்தால் அவளுக்கும் ஒரு நிமிஷம் இருந்திருக்கும். சுராயா திருவாரூரில் பிறந்து இங்கே வாழ வந்தவள். தப்பித்தாள்.

கமர் ஜஹானுக்கு ஐம்பத்துமூன்று வயது. மெலிந்த உடம்பு, வேகமான நடை. இடது மணிக்கட்டின் உட்புறமாகக் கட்டிய சாவி கொடுக்கிற வாட்ச். புருஷன் ஹபீபுல்லா தம்மாமிலிருந்து முதல் தடவை லீவில் வந்தபோது வாங்கி வந்தது. ஏன் உட்புறமாகக் கட்டுகிறாள் என்றால், பிள்ளையை இரண்டு கையிலும் ஏந்தும்போது மணி தானாக மேலே திரும்பி நிற்கும். பிள்ளையின் முகமும் மணியின் முகமும் ஒரே நேரத்தில் கண்ணில் படும். முதல் அழுகை எப்போது, அதுதான் அவளுக்குக் கணக்கு.

வெளியிலும் அதே கதைதான். பஸ்ஸில் யாராவது மணி கேட்டால், “நாலு இருபத்தேழு” என்பாள். நாலரை என்று சொல்ல வாய் வராது. “ராக்கெட்டா விடப்போறாங்க? நாலரைன்னு சொன்னா ஒனக்கு என்ன கொறஞ்சு போகுது?” என்று ஹபீபுல்லா கேலி செய்வார். “மூணு நிமிஷம் கொறஞ்சு போகுது” என்பாள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஹபீபுல்லாவுக்குப் பக்கவாதம் வந்தது. பேச்சு திரும்பிவிட்டது, நடையும் ஓரளவு திரும்பிவிட்டது, வலது கை மட்டும் திரும்பவில்லை. ஒரே மகள் அல்ஷிஃபா கல்யாணமாகி சென்னையில். ஆக ஏழு பத்துக்கு அவருக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிடுவது, மாலை ஐந்தேகாலுக்கு வந்து கழற்றிவிடுவது, நடுவில் மதியச் சாப்பாட்டைப் பிசைந்து மூடி வைத்துவிட்டுப் போவது எல்லாம் அவள் வேலை. பனியன் போட்டுக்கொண்டே இருந்துவிடலாம், மனிதர் ஒத்துக்கொள்ள மாட்டார். பதினாலு வருஷம் அரபு நாட்டில் இஸ்திரி போட்ட சட்டையோடு வண்டி ஓட்டியவர்.

இருபத்தாறு வருஷம் அவள் வேலை பார்த்தது ஊருக்குள்ளே ஒரு சின்ன மாநகராட்சிப் பிரசவ ஆஸ்பத்திரியில். வாசலில் ஒரு மரம் நின்றதால் புளியமரத்து ஆஸ்பத்திரி என்று பெயர். அங்கே அவள் தானாக ஏற்படுத்திக்கொண்ட ஒரு வழக்கம் இருந்தது. பிள்ளை பிறந்ததும் வார்டுச் சுவரில் தொங்குகிற நாள்காட்டியில் அன்றைய தாளைக் கிழிப்பாள். அதன் முதுகில் தாயின் பெயர், ஆணா பெண்ணா, எடை, பிறந்த மணி, கூடவே மு.ப. அல்லது பி.ப. என்று எழுதிக் கையெழுத்துப் போடுவாள். டூட்டி டாக்டரிடமும் ஒரு கையெழுத்து வாங்கி, ஆஸ்பத்திரியின் வட்ட முத்திரையைக் குத்திப் பெற்றவளிடம் கொடுப்பாள். பிறப்புச் சான்றிதழில் தேதிதான் இருக்கும், மணி இருக்காது. ஜாதகம் எழுதுகிறவர்களுக்கு மணி வேண்டும். ஆகவே ஊரெல்லாம் பீரோவிலும் பாஸ்புத்தகத்திலும் அந்தத் தாள் பத்திரமாக இருக்கிறது.

அதில் ஒரு நிமிஷத்தையும் அவள் யாருக்காகவும் மாற்றி எழுதியதில்லை. கேட்டவர்கள் உண்டு, அழுதவர்கள் உண்டு. “நான் அதை மாத்தினா பிள்ளை மாறிடுமா?” என்பாள்.

போன மார்ச் மாதத்தோடு புளியமரத்து ஆஸ்பத்திரியை மூடி, அதன் ஆட்களைச் சர்க்கார் சுகாதாரத் துறைக்கு மாற்றினார்கள். ஏப்ரல் ஒன்றாம் தேதி காலையிலிருந்து எல்லோரும் ஸ்ரீரங்கத்தில் அம்மாமண்டபம் போகிற வழியில் புதிதாகக் கட்டிய தாய்சேய் மனையில் சேர வேண்டும். ஒரு முதலாளியிடமிருந்து இன்னொரு முதலாளிக்குப் போகிற மாதிரிதான் இதுவும். பழைய சர்வீஸ், சீனியாரிட்டி, லீவு, பென்ஷன் எல்லாம் ஆளோடு சேர்ந்து வரும் என்று ஆணையில் தெளிவாக இருந்தது. ‘பணி முறிவு இல்லாதவர்களுக்கு’ என்று ஒரு வார்த்தையும் கூடவே இருந்தது. அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சாயங்காலம் இங்கே கையெழுத்துப் போட்டுவிட்டு மறுநாள் காலை அங்கே போடப்போகிறோம், நடுவில் என்ன முறியப்போகிறது?

இங்கேதான் ஹெட்கிளார்க் பீமராவ் வருகிறார். ஸ்ரீரங்கம் சித்திரை வீதிக்காரர், தஞ்சாவூர் வழி வந்த மராட்டிக் குடும்பம். அவருடைய தாத்தா கோர்ட்டில் ஜப்திக்குப் போகிற அமீனா, அப்பா தாலுகா ஆபீஸ், இவர் ஆஸ்பத்திரி. பஞ்சாங்கம் பார்க்காமல் பேனாவைத் திறக்க மாட்டார். அவருடைய மகள் வயிற்றுப் பேத்தி கமர் ஜஹான் கையில் ‘ஒன்பது நாலு’க்குப் பிறந்தவள். பிறக்கும்போது கழுத்தில் கொடி சுற்றியிருந்தது. கமர் ஜஹான் இல்லாவிட்டால் அந்தப் பிள்ளை இல்லை. அந்த நன்றி அவருக்குள் எட்டு வருஷமாகக் காத்திருந்தது.

மார்ச் முப்பத்தொன்று செவ்வாய்க்கிழமை. அன்றைக்கு அவருக்கும் ஓய்வு பெறுகிற நாள். மற்றவர்களுக்கெல்லாம் விடுவிப்பு ஆணையைச் சாயங்காலம் ஐந்தே முக்காலுக்குக் கொடுப்பதென்று வைத்திருந்தவர், கமரம்மாவுக்கு மட்டும் நல்ல நேரமாகப் பார்த்துக் காலையிலேயே கொடுத்தார். ‘மு.ப. 10.45 மணிக்கு விடுவிக்கப்படுகிறார்’ என்று ஆணையில் தட்டச்சும் செய்துவிட்டார். போகிற இடத்தில் அந்தம்மாள் நன்றாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் அவர் மனசில்.

ஊரார் பிறந்த நிமிஷத்தையெல்லாம் சரிபார்க்கிறவள், தன்னுடையதைப் படிக்கவில்லை. கையெழுத்துப் போடும்போதே வாசலில் ஆட்டோ வந்து நின்றது. உள்ளே அரியமங்கலத்து ஜோதி, பல்லைக் கடித்துக்கொண்டு. ஆணையை நாலாக மடித்துக் கைப்பைக்குள் போட்டுவிட்டு ஓடினாள். வருகைக்கு விரல்ரேகை வைக்கிற இயந்திரத்தை அன்று காலையிலேயே கழற்றி வண்டியில் ஏற்றிவிட்டார்கள். அவள் அன்று முழுக்க உழைத்ததற்குச் சாட்சி அந்த அறையின் நாலு சுவர்தான்.

ஜோதிக்கு ஆண் பிள்ளை. மூன்று நாற்பத்திரண்டு, பி.ப.

ஜோதியின் மாமியார் வீரம்மாளுக்கு அதைக் கேட்டதும் முகம் சுருங்கிவிட்டது. வீரம்மாள் யார் என்றால், தொட்டியத்தில் வாழைத்தார் ஏலம் எடுக்கிற நல்லுசாமிக்குக் கூடப்பிறந்த அக்காள். தம்பி மகள் ஜோதியைத்தான் தன் மகனுக்குக் கட்டியிருக்கிறாள். ஆக ஜோதிக்கு அத்தையும் அவளே, மாமியாரும் அவளே. ஏச்சு கொஞ்சம் தாராளமாக விழும்.

“செவ்வாக்கெழமை, மூணுலேருந்து நாலரை ராகு காலம். அதுக்குள்ளயா எம் பேரன் வரணும்? சிஸ்டரு, ரெண்டே முக்கால்னு போட்டுடுங்க. ஒரு மணி நேரம் முன்னால தள்ளி எழுதினா ஒங்க கை தேஞ்சா போவும்?”

“வந்த நேரம் இதுதாங்க அக்கா. எனக்குத் தொழுகை நேரம் தெரியும், ராகு காலம் தெரியாது.”

“தெரியாதுன்னா அந்தத் தாளைத் திருப்பிப் பாருங்க. அச்சடிச்சுப் போட்டுருக்கான்.”

நாள்காட்டித் தாளின் முன்பக்கத்தில் உள்ளபடியே இராகு 3 – 4.30 என்று இருந்தது. கமர் ஜஹான் பின்பக்கத்தில் 3.42 என்று எழுதி, டாக்டர் பிரேமலதாவிடம் கையெழுத்து வாங்கி, முத்திரை குத்திக் கொடுத்தாள். மறுநாள் தாயும் பிள்ளையும் ஆம்புலன்ஸில் ஸ்ரீரங்கம் வந்தார்கள். வீட்டுக்குப் போகிற வரைக்கும் வீரம்மாள் கமர் ஜஹானோடு பேசவில்லை.

ஏப்ரல் இருபது தேதி வாக்கில். புது இடத்தில் கண்காணிப்பாளர் அருள்ராஜ், நாற்பது வயதுக்காரர், கூப்பிட்டு அனுப்பினார். எதிரில் அவளுடைய எஸ்.ஆர். புத்தகம், அதாவது பணிப் பதிவேடு, திறந்திருந்தது. இருபத்தாறு வருஷமும் அதற்குள் இருந்தன.

“ஒக்காருங்கம்மா. எல்லாருக்கும் பிற்பகல்னு இருக்கு, ஒங்களுக்கு மட்டும் முற்பகல்னு இருக்கு. முற்பகல்ல விடுவிச்சா அன்னிக்கு வேலை பார்க்கலைன்னு ஆகுது. முப்பதாம் தேதியோட முடிஞ்சு போச்சு. ஒண்ணாம் தேதி இங்க வந்து சேர்ந்திருக்கீங்க. நடுவுல ஒரு நாள் இல்ல. இதுக்குப் பேரு பணி முறிவு.”

“எலும்பு முறிஞ்சா கட்டுப் போடுவோம் சார். இதுக்கு என்னத்தப் போடுறது?”

அருள்ராஜ் சிரிக்கவில்லை. கெட்ட மனிதர் இல்லை, கவலைப்பட்டார். “பழைய சர்வீஸைக் கொண்டாற முடியாது. ஒண்ணாம் தேதி புதுசா வேலைக்குச் சேர்ந்தவங்கன்னுதான் எழுதணும். திங்கக்கெழமை கவுன்சலிங். சீனியாரிட்டிப்படி எடம் எடுப்பாங்க. நீங்க கடைசி ஆளா ஆயிடுவீங்க. கடைசி ஆளுக்கு மிச்சமிருக்கிறது மருங்காபுரிதான்.”

மருங்காபுரி என்றால் பாலக்கரையிலிருந்து பஞ்சப்பூர், பஞ்சப்பூரிலிருந்து மணப்பாறை, அதற்கப்புறம் இன்னொரு பஸ். காலை ஐந்துக்குக் கிளம்பினால் இரவு எட்டரைக்குத் திரும்பலாம். ஏழு பத்துக்கு யார் பொத்தான் போடுவது? கமர் ஜஹானுக்கு முதலில் தோன்றியது அதுதான். இருபத்தாறு வருஷம் போனது இரண்டாவதாகத்தான் உறைத்தது.

“அன்னிக்கு சாயங்காலம் வரைக்கும் நான் அங்கதான் சார் இருந்தேன். பிரசவம் பார்த்தேன்.”

“நம்புறேன். எழுத்துல வேணும். பிரசவப் பதிவேடு?”

பதிவேடெல்லாம் மூட்டை கட்டி ரெக்கார்டு ரூமுக்குப் போய்ப் பூட்டி அரக்கு வைத்தாகிவிட்டது. திறக்க ஜூன் ஆகும். ஆணை போட்ட ஆபீஸ் இப்போது இல்லை, போட்டவரோ ஓய்வில். “வெள்ளிக்கெழமை அஞ்சு மணி வரைக்கும் பட்டியலை மூடாம வச்சிருக்கேன். வேற ஏதாச்சும் கெடைக்குதா பாருங்க” என்றார் அருள்ராஜ்.

பீமராவுக்கு விஷயம் தெரிந்தபோது அந்த மனிதருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வியாழக்கிழமை மத்தியானம் அவள் டூட்டியில் அனுமதி வாங்கி வெளியே வரும்போது வாசலில் நின்றிருந்தார்.

“நல்லதுன்னு நெனச்சுத்தாம்மா பண்ணேன். ஒங்க தலையில மண்ணைப் போட்டுட்டேன்.”

“நல்லதுன்னு நெனச்சீங்கள்ல, விடுங்க சார். அரியமங்கலம் போறேன். அந்தப் பிள்ளையோட சீட்டு இருக்குதான்னு பார்க்கணும்.”

“நானும் வரேன். ஆனா இப்போ மணி ஒண்ணே முக்கால். வியாழக்கெழமை ஒண்ணரைலேருந்து மூணு...”

“ஒண்ணு நாப்பத்தேழு. பஞ்சாங்கத்த மூடுங்க சார். ராகு காலத்துலதான் போறோம்.”

பீமராவ் ஆயுசில் முதல் தடவையாக ராகு காலத்தில் ஒரு காரியத்துக்குப் பஸ் ஏறினார். வழியெல்லாம் உதடு அசைந்துகொண்டிருந்தது.

அரியமங்கலத்தில் லேத் பட்டறைக்குப் பின்கட்டுதான் வீரம்மாள் வீடு. இரும்புத் தூள் வாசனைக்கு நடுவே அவள் முறத்தில் வாழைப்பூ ஆய்ந்துகொண்டிருந்தாள், தம்பி தொட்டியத்திலிருந்து கொடுத்து விட்டது. கமர் ஜஹானைப் பார்த்ததும் கை நின்றது, பிறகு மறுபடி ஓடியது. வந்தவள் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள்.

“ஓகோ. அன்னிக்கு நாங் கேட்டதுக்கு மாட்டேன்னீங்க. இன்னிக்கு எங்கிட்ட வந்து நிக்கிறீங்க.”

“ஆமாங்க அக்கா. நிக்கிறேன்.”

இந்தப் பதிலை வீரம்மாள் எதிர்பார்க்கவில்லை. ஒரு பூவின் நரம்பை உருவிப் போட்டாள். “சீட்டு இருக்கு. தாரேன். ஒரு கணக்கா பேசிக்குவோம். அதே மாதிரி புதுசா ஒண்ணு எழுதிக் குடுங்க. ரெண்டே முக்கால். அதைக் குடுத்துட்டு இதை எடுத்துட்டுப் போங்க. ஜோசியருகிட்ட நான் ரெண்டே முக்கால்னுதான் சொல்லி வச்சிருக்கேன்.”

பீமராவ் கமர் ஜஹானின் பக்கம் குனிந்து மெதுவாகச் சொன்னார்: “ரெண்டே முக்காலும் பி.ப. தாம்மா. ஒங்களுக்கும் நஷ்டமில்ல, அவங்களுக்கும் திருப்தி.”

உண்மைதான். அவளுக்கு வேண்டியது ஒரே ஓர் எழுத்து, பிற்பகல் என்கிற பி. மணி எதுவானால் என்ன? கமர் ஜஹான் மணிக்கட்டைத் திருப்பி வாட்சைப் பார்த்தாள். மருங்காபுரி பஸ், மூடி வைத்த சோறு, சட்டையின் ஐந்து பொத்தான், எல்லாம் அந்த முள்ளுக்கு அடியில் ஓடியிருக்க வேண்டும்.

“அக்கா, இன்னிக்கு ஒங்களுக்கு ஒண்ணை மாத்தி எழுதினேன்னு வைங்க. நாளைக்கு அந்தச் சீட்டை மேசையில வைக்கும்போது, இதுவும் மாத்தி எழுதினதுதானேன்னு அவர் கேட்டா, நான் எந்த மொகத்தோட இல்லைம்பேன்? ஒங்க பேரன் மூணு நாப்பத்திரெண்டுக்குத்தான் அழுதான். எங் காதால கேட்டேன். சீட்டு ஒங்களுதுதான், வச்சுக்குங்க. நான் வரேன்.”

திரும்பி நடந்தாள். பட்டறை வாசலைத் தாண்டும்போது பின்னால் காலடிச் சத்தம். ஜோதி, தோளில் பிள்ளை, கையில் ஆஸ்பத்திரி அட்டை. அட்டைக்குள்ளே நாலாக மடித்த நாள்காட்டித் தாள்.

“சிஸ்டர், நில்லுங்க.” உள்பக்கம் திரும்பிச் சொன்னாள்: “அத்தை, பெத்தவ நானு. அது ரெண்டே முக்காலுக்குப் பொறந்திருந்தா நான் ஒரு மணி நேரம் கொறைச்சலா வலி தாங்கியிருப்பேன். அந்த ஒரு மணி நேரத்தை யாரு தாங்குனாங்கன்னு சொல்லு.”

பட்டறையில் லேத் ஓட்டிக்கொண்டிருந்த ஆண்டி என்கிற ஆள் வேலையை நிறுத்திவிட்டுச் சிரித்தான். வீரம்மாள் அவனை முறைத்தாள். பிறகு முறத்தைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து வந்தாள்.

“குடுத்துத் தொலை. வேலை முடிஞ்சதும் பத்தரமா திருப்பிக் கொண்டாரச் சொல்லு. எம் பேரன் சீட்டு அது.” ஒரு முழு வாழைப்பூவை எடுத்துக் கமர் ஜஹானின் கையில் திணித்தாள். “பஸ்ஸுல கசங்காம கொண்டு போங்க. வீட்டுக்காரருக்கு வடை சுட்டுக் குடுங்க.”

வெள்ளிக்கிழமை அருள்ராஜ் அந்தத் தாளை முன்னும் பின்னும் நாலு தடவை திருப்பினார். முன்னால் அச்சடித்த தேதி, பின்னால் மணி, இரண்டு கையெழுத்து, முப்பத்தொன்றாம் தேதி சாயங்காலத்தோடு ஒப்படைத்துவிட்ட பழைய முத்திரை. அதை யாரும் அதற்கப்புறம் குத்தியிருக்க முடியாது. பக்கத்தில் பீமராவ் கைப்பட எழுதிக் கொடுத்த கடிதம், தவறு என்னுடையது என்று. அருள்ராஜ் டாக்டர் பிரேமலதாவுக்குப் போன் போட்டார். “சிஸ்டர் மூணு நாப்பத்திரெண்டுன்னு எழுதியிருந்தா நாப்பத்தொண்ணும் இல்ல, நாப்பத்துமூணும் இல்ல சார்” என்று அந்தப் பக்கத்திலிருந்து சிரிப்பு கேட்டது.

தாளைப் பிரதி எடுத்து எஸ்.ஆர். புத்தகத்தில் ஒட்டினார். மு.ப. என்பதை ஒரு கோடு அடித்து, மேலே சிவப்பு மையில் பி.ப. என்று எழுதிச் சுருக்கொப்பம் போட்டார். “பணி முறிவு இல்லை. தொடர்ச்சிதான்” என்றார்.

“அல்ஹம்துலில்லாஹ்” என்றாள். அப்புறம், “சார், திருத்தின நேரத்தையும் பக்கத்துல போட்டுடுங்க. பன்னெண்டு பதினாலு” என்றாள். அருள்ராஜ் அதையும் எழுதினார்.

சனிக்கிழமை அரியமங்கலம் போய்ச் சீட்டைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. வீரம்மாள் அதை வாங்கி விளக்கு மாடத்தில் சாமி படத்துக்குப் பின்னால் செருகினாள். ஜோசியரிடம் என்ன சொன்னாள் என்று யாரும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை கவுன்சலிங்கில் மூன்றாவதாக அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். ஸ்ரீரங்கம் என்று சொன்னாள். ஒரே வார்த்தை. மற்றவர்களெல்லாம் எடுத்து முடித்து, காகிதம் கைக்கு வரும்போது மத்தியானம் நன்றாகச் சாய்ந்துவிட்டது. வெளியே பீமராவ் தேங்காய் மூடியோடு காத்திருந்தார். ரங்கநாதருக்கு அர்ச்சனை செய்துவிட்டு வந்தாராம், கமரம்மா பேருக்கு. நட்சத்திரம் கேட்டதற்கு என்ன சொல்வதென்று தெரியாமல் திருவோணம் என்று சொல்லிவிட்டாராம். “அதுவும் தப்பா எழுதலையே சார்?” என்றாள். அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. காவிரிப் பாலத்தில் பஸ் ஏறியதும் காற்று அடித்தது. தண்ணீர் அங்கங்கே வாய்க்காலாகக் கிடந்தது, மிச்சமெல்லாம் மணல். பக்கத்தில் காலிப் பூக்கூடையை மடியில் வைத்திருந்த ஓர் அம்மாள் முழங்கையால் லேசாகத் தொட்டாள்.

“மணி என்னங்க ஆச்சு?”

கமர் ஜஹானின் இடது கை மடிமேல் கவிழ்ந்து கிடந்தது. அதை அவள் திருப்பவில்லை. ஆற்றைப் பார்த்தபடியே சொன்னாள்:

“நாலு, நாலரை இருக்கும்ங்க.”